கயாக்கில் பிடித்த மீனைக் கரை சேரும்வரை கெடாமல் வைப்பது எப்படி?

கோவளக்காரன்:

வணக்கம். கோவளம், முட்டுக்காடு பக்கம் கயாக்கில் தூண்டில் போடுகிறவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். என்னுடையது 12 அடி சிட்-ஆன்-டாப், அதாவது மூடிய உடலின் மேல் உட்கார்ந்து ஓட்டும் வகை. பெடல் கிடையாது, துடுப்புதான். காலை 5 மணிக்கு அலை தாண்டினால் 10, 10.30-க்குக் கரை. குறி வைப்பது வஞ்சிரம், சூரை, பாரை. மீன் 2 கிலோவிலிருந்து 5 கிலோ வரை வரும். ஒரு நாளைக்கு மொத்தம் 6 கிலோவுக்கு மேல் எடுப்பதில்லை.

இப்போதைய ஏற்பாடு: இருக்கைக்குப் பின்னால் உள்ள குழியில் ஒரு பிளாஸ்டிக் கூடை, மேலே நனைத்த சாக்கு. 6 மணிக்குப் பிடித்த மீன் 10 மணிக்குக் கண் மங்கி, சதை தொளதொளத்துப் போகிறது. ஐஸ் எடுத்துப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். எவ்வளவு ஐஸ்? ஃபோம் வைத்த மீன் பையா, தெர்மாகோல் பெட்டியா? எங்கே கட்டுவது? ஹேட்சை, அதாவது படகின் உட்குழிக்கான மூடியை, திறந்து உள்ளே போட்டுவிட்டால் வேலை முடிந்ததா? மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரிலேயே தொங்கவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். சூரைக்குத் தனிக் கவனம் வேண்டும் என்கிறார்களே, அது ஏன்?

உறைபனி:

முதலில் அந்த ஈரச் சாக்கு. சாக்கில் உள்ள தண்ணீர் ஆவியாகும்போது குளிரும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு குளிரும் என்பதைக் காற்றின் ஈரப்பதம்தான் தீர்மானிக்கிறது. காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஈரச் சாக்கு எத்தனை நனைத்தாலும் 27 டிகிரிக்குக் கீழே போகாது. நம் கடற்கரையில் ஈரப்பதம் அதற்கும் மேலேயே இருக்கும் நாட்கள் அதிகம். சாக்கு வெயிலை மறைக்கும், தோல் காயாமல் காக்கும், அவ்வளவுதான்.

மீன் கெடும் வேகத்துக்கு மீன் பதப்படுத்துவோர் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. 0 டிகிரியில் கெடும் வேகத்தை 1 என்று வைத்தால், 10 டிகிரியில் அது 4 மடங்கு. 30 டிகிரிக்கு அதே சூத்திரத்தைப் போட்டால் 16 வருகிறது. அதாவது வெயிலில் 4 மணி நேரம் கிடந்த மீன், ஐஸில் இரண்டரை நாளுக்கு மேல் இருந்த மீனுக்குச் சமம். கண் மங்குவதும் சதை தொளதொளப்பதும் அதனால்தான்.

இனி ஐஸ் கணக்கு. நம் கடலின் மேற்பரப்புத் தண்ணீரே வருடத்தின் பெரும்பகுதி 28-30 டிகிரி. மீனும் அதே சூட்டில்தான் கைக்கு வருகிறது. ஒரு கிலோ மீனை 30-லிருந்து 0 டிகிரிக்கு இறக்க 108 கிலோஜூல் அளவு வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூலை இழுத்துக்கொள்ளும். ஆக 3 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ். உங்கள் 6 கிலோவுக்கு 2 கிலோ.

ஆனால் ஐஸில் பெரும்பகுதி மீனுக்குப் போவதில்லை, பையின் சுவர் வழியாக நுழையும் வெப்பத்துக்குத்தான் போகிறது. 90 செ.மீ. நீளமுள்ள, 12 மி.மீ. ஃபோம் வைத்த பை மணிக்கு அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை ஐஸைத் தின்னும். வெயில் நேராக அடித்தால், பை கறுப்பு நிறமாக இருந்தால் இன்னும் கூடும். 25 மி.மீ. ஃபோம் என்றால் ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஐந்தரை மணி நேரத்துக்கு 12 மி.மீ. பைக்குச் சுமார் 3 முதல் 4 கிலோ. இதோடு மீனுக்கான 2 கிலோவைச் சேர்த்தால் 6 கிலோ. மீன் எடைக்குச் சமமாக ஐஸ் என்று மீனவர்கள் சொல்வது இந்தக் கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது. தடித்த ஃபோம் கிடைத்தால் 4 கிலோவில் முடித்துக்கொள்ளலாம். கயாக்கில் 2 கிலோ மிச்சம் என்பது சின்ன விஷயம் இல்லை.

6 கிலோவையும் ஒரே மாதிரி எடுக்காதீர்கள். பாதியை உடைத்த ஐஸாகவும் பாதியை பாட்டிலில் உறைய வைத்தும் எடுங்கள். உடைத்த ஐஸ் மீனைச் சுற்றிப் படியும், வேகமாகக் குளிர வைக்கும், ஆனால் சீக்கிரம் உருகும். பாட்டில் மெதுவாகத்தான் வேலை செய்யும், கரை வரும்வரை தாங்கும். ஒரு லிட்டர் பாட்டிலில் 900 மி.லி.க்கு மேல் ஊற்ற வேண்டாம். உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் பெருகும், மூடி பிளந்துவிடும். சுத்தமான குடிநீரை உறைய வைத்தால் உருகியதைக் குடிக்கவும் செய்யலாம். மீன்பிடித் துறைமுகத்தில் வாங்கும் பார் ஐஸ் குடிப்பதற்கானது இல்லை.

முதல் நாள் இரவே பையில் இரண்டு உறைந்த பாட்டில் போட்டு மூடி வையுங்கள். காரில் வெந்து கிடந்த பையில் காலையில் ஐஸ் கொட்டினால், கரையை விட்டுக் கிளம்பும் முன்பே அரைக் கிலோ போயிருக்கும்.

கோவளக்காரன்:

நன்றி சார், இந்தக் கணக்கு இவ்வளவு தெளிவாக எங்கும் கிடைக்கவில்லை. கடல்நீர் ஊற்றி ஐஸைக் கூழ் மாதிரி ஆக்க வேண்டும் என்கிறார்களே, கயாக்குக்கு அது சரிப்படுமா?

உறைபனி:

சரிப்படும், அளவாக. கடல்நீர் உப்பானதால் ஏறக்குறைய -1.9 டிகிரியில்தான் உறையும். அதனால் ஐஸும் கடல்நீரும் கலந்த கூழ் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே நிற்கும்; மீனின் எல்லாப் பக்கமும் படும். கடல்நீர் ஊற்றாத வெறும் ஐஸில் வைத்த மீனைச் சுற்றிக் காற்று இடைவெளி இருக்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. பையின் அடி ஃபோமில் ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கம் கரைக்கு வந்தும் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான்.

ஆனால் 29 டிகிரி கடல்நீர் ஒரு லிட்டரைக் குளிர வைக்கவே 350 கிராம் ஐஸ் உருகிவிடும். பெரிய படகில் 2 பங்கு ஐஸுக்கு 1 பங்கு தண்ணீர் என்று ஊற்றுவார்கள். கயாக்கில் 3 கிலோ உடைத்த ஐஸுக்கு ஒரு லிட்டர் போதும், அதுவும் முதல் மீன் ஏறிய பிறகு. மீன் கிடைக்காத நாளில் ஏன் ஐஸை வீணாக்கி எடையைச் சுமக்க வேண்டும்? ஊற்றியதும் பையை இரண்டு மூன்று முறை குலுக்குங்கள். அதன்பின் ஐஸ் உருகும் தண்ணீரே கூழைப் பார்த்துக்கொள்ளும்.

அலைவாய்:

ஐஸ் கணக்கு அருமை. ஆனால் 6 கிலோ ஐஸ், 6 கிலோ மீன், பையின் எடை எல்லாம் சேர்ந்து 14 கிலோவை 12 அடிப் படகில் எங்கே வைக்கிறீர்கள் என்பதை முதலில் யோசிக்க வேண்டும் தம்பி. கரையேறும்போது கவிழ்வதும் கவிழாததும் அதைப் பொறுத்தது.

ஹேட்சுக்குள் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். படகின் உட்குழி வெயிலில் அடுப்பு மாதிரி கொதிக்கும். மீன் வழுக்கிப் பின்முனைக்குப் போய்விட்டால் கைக்கு எட்டாது. எல்லாவற்றையும் விட, கடலில் ஹேட்சைத் திறந்து வைத்திருக்கும் அந்த அரை நிமிடத்தில் பக்கவாட்டு அலை ஒன்று ஏறினால் பல லிட்டர் தண்ணீர் உள்ளே போய்விடும். சிட்-ஆன்-டாப் மிதப்பதே உள்ளே காற்று அடைபட்டிருப்பதால்தான். ஹேட்ச் கரையில் திறந்து கரையில் மூடுவதற்கு.

மூக்குப் பக்கம் மேலே கட்டுவதை நிறையப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அசையாத தண்ணீரில் அது வசதிதான்: கண்ணெதிரே இருக்கும், எட்டிப் போடலாம். நம் கரை அப்படியில்லை. திரும்பி வரும்போது அலை பின்னாலிருந்து தூக்கும். மூக்கில் கனம் இருந்தால் முனை தண்ணீருக்குள் குத்தும், படகு பக்கவாட்டில் திரும்பும், அடுத்த அலை உருட்டிவிடும். அந்த நேரத்தில் எழுந்து போய்ப் பையைப் பின்னுக்கு மாற்றவும் முடியாது. எனவே அலை தாண்டி இறங்கும் கடற்கரைகளில் பை இருக்கைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், இருக்கையை ஒட்டியபடி. பின்முனைக்குத் தள்ளினால் மூக்கு தூக்கிக்கொள்ளும். பக்கக் காற்று மூக்கைக் காற்றோடு தள்ளிக்கொண்டே போகும், துடுப்பால் திருப்பித் திருப்பிக் கை ஓய்ந்துவிடும்.

பின்னால் இருக்கும் பையில் எப்படி மீன் போடுவது? உட்கார்ந்தபடியே இடுப்பை முறுக்கி, கண்ணால் பார்க்காமல், பல்லுள்ள வஞ்சிரத்தைப் பின்பக்கம் தள்ளுவதுதான் கவிழ்வதற்கும் கையைக் கிழித்துக்கொள்வதற்கும் நேர்வழி. இரண்டு காலையும் ஒரே பக்கம் தண்ணீரில் தொங்கவிட்டுக் குறுக்காக உட்காருங்கள். சிட்-ஆன்-டாப்பில் இது நீளவாக்கில் உட்காருவதைவிட உறுதியாக இருக்கும், கால் இரண்டும் நங்கூரம் மாதிரி பிடிக்கும். இப்போது பை உங்கள் பக்கத்தில். ஜிப்பைப் பாதி மட்டும் திறங்கள். மீனின் வாலைப் பிடித்துத் தலை முதலில் உள்ளே. பல் தூரப் போய்விடும், அடுத்த மீனைப் போடும்போது கையில் படுவது வால் மட்டுமே. உடனே ஜிப்பை மூடுங்கள். இதை முட்டுக்காடு உப்பங்கழியில் மீன் இல்லாமலே நாலு தடவை பழகிவிட்டுக் கடலுக்குப் போங்கள்.

கட்டுவதற்கு பன்ஜி கயிறு (ரப்பர் போல நீளும் கயிறு) மட்டும் போதாது. தண்ணீர் ஏறிய பை 15 கிலோ இழுக்கும்போது பன்ஜி நீளும், பை ஒரு பக்கம் சரியும், படகும் சரியும். 25 மி.மீ. நாடா பெல்ட் நாலு மூலையிலும், படகில் உள்ள கண்களோடு (கயிறு மாட்டும் வளையங்கள்) கொக்கி போட்டு இறுக்குங்கள். கூடவே ஒரு மீட்டர் பாதுகாப்புக் கயிறு தனியாக.

ஒன்று கூடுதலாக. அலையின் வெளிப்பக்கம், இன்னும் உடையாத இடத்தில் நின்று, உருகிய தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு உள்ளே வாருங்கள். பையில் 5 லிட்டர் தண்ணீர் அலசிக்கொண்டிருந்தால் படகு சாயும் பக்கமே தண்ணீரும் ஓடும், நிமிரவிடாது. 10 மணிக்கு மேல் கடல்காற்று எழும்பிவிட்டால் இது இன்னும் முக்கியம்.

செவுள்:

ஐஸும் பையும் பேசிவிட்டீர்கள். பைக்குள் போகும் முன் நடக்கும் 5 நிமிடத்தில்தான் சதையின் தரத்தில் பாதி தீர்மானம் ஆகிறது என்பேன். துடித்துத் துடித்துச் சாகும் மீனில் தசை சூடேறும், அமிலம் சேரும், சதை சீக்கிரம் இளகும். தூண்டில் சண்டையிலேயே சூரையின் உடல் சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடாகியிருக்கும், ஏனென்றால் சூரை இனம் தசையின் சூட்டை வெளியே விடாமல் தக்கவைக்கும் அமைப்புள்ளது.

முறை இது. மீன் படகின் பக்கத்தில், இன்னும் தண்ணீரில் இருக்கும்போதே அடித்துவிட வேண்டும். மடியில் துள்ளும் 4 கிலோ வஞ்சிரத்தோடு யாரும் மல்லுக்கட்டக் கூடாது. அதன் பல் கத்தியேதான். 30 செ.மீ. நீள உருட்டுக்கட்டை அல்லது அலுமினியக் குழாய், படகோடு கயிற்றில் கட்டியது. கண்ணுக்குச் சற்றுப் பின்னால், தலையின் மேல் நல்ல அடி ஒன்று. தயங்கித் தயங்கி அடிக்கும் நாலு அடி மீனைத் துன்புறுத்தும், சதையைக் கன்ற வைக்கும்.

ஜப்பானியர் இகேஜிமே என்று செய்வதைக் கயாக்கிலும் செய்யலாம்: கூரான கம்பியைக் கண்ணுக்குப் பின்னால், கண்மட்டத்துக்குச் சற்று மேலே, மூளையை நோக்கிச் செருகுவது. சரியாகப் பட்டால் உடல் ஒரு நடுக்கம் நடுங்கி, துடுப்புகள் விரிந்து, வாய் திறந்து, உடனே தளர்ந்துவிடும். அந்த நடுக்கம் வரவில்லை என்றால் குறி தப்பிவிட்டது. ஆடும் கயாக்கில் முதலில் கட்டை, பிறகு கம்பி என்ற வரிசைதான் கைக்குப் பாதுகாப்பு.

அடுத்தது இரத்தம். செவுள் மூடியைத் தூக்கி, செவுள் வளைவுகள் தொண்டையோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் வெட்டுங்கள். கத்தரிக்கோல் கத்தியைவிட மேல். முனை மழுங்கியதாக வாங்கினால் பையும் கிழியாது, தொடையும் கிழியாது. வஞ்சிரத்தின் வாய்க்குள் விரல் விட வேண்டாம், இடுக்கியால் பிடியுங்கள். 3 முதல் 5 நிமிடம் போதும். பெரிய கேரைக்கு (பெரிதாக வளரும் சூரை இனம்) மார்புத் துடுப்பைப் பின்னால் மடித்து வைத்து, அதன் அடியிலிருந்து மூன்று விரல்கடை பின்னால் பக்கத்துக்கு ஒரு வெட்டுப் போடுவார்கள், அங்கே ஓடும் பக்க இரத்தக்குழாய்க்காக. 2 கிலோ சூரைக்குச் செவுள் வெட்டே போதும்.

எங்கே வடிப்பது? கால் வைக்கும் குழியில் 10 லிட்டர் வாளியில் பாதி கடல்நீர் வைத்துத் தலைகீழாக நிறுத்துங்கள். செவுளில் கயிறு கோத்துப் பக்கவாட்டில் தொங்கவிட்டாலும் வடியும், ஆனால் இரத்தவாடை சுறாவையும் சீலாவையும் காலுக்குப் பக்கத்தில் கூட்டிவரும். வடிந்த பிறகே பை. இரத்தம் ஐஸ் கூழில் கலந்தால் எல்லா மீனும் அதில் ஊறும்.

குடலைக் கடலிலேயே எடுக்க வேண்டுமா என்றால், ஐந்தரை மணி நேரத்துக்கு அவசியம் இல்லை, ஐஸ் போதுமானதாக இருந்தால். கத்தியோடு ஆடும் படகில் செய்யும் வேலை குறைந்தால் நல்லது. கரையில் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது சூரை. சூரை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் எல்லாவற்றின் சதையிலும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம், சூரையில் மிக அதிகம். மீன் செத்த பிறகு, சூட்டில், பாக்டீரியாவின் நொதி அதை ஹிஸ்டமைனாக மாற்றும். அந்த மீனைச் சாப்பிட்டவருக்குச் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், வாய் சுரீரென்று எரியும், தலைவலி, தடிப்பு, சிலருக்கு வாந்தி, படபடப்பு. ‘மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விட்டுவிடுவோம். உண்மையில் அது மீனில் உண்டான நஞ்சு. மிக முக்கியமானது: ஒருமுறை ஹிஸ்டமைன் உண்டாகிவிட்டால் குழம்பில் கொதித்தாலும், பொரித்தாலும், ஃப்ரீசரில் வைத்தாலும், கருவாடாக உப்பிட்டாலும் அது போகாது. வாடையும் வராமல் போகலாம். நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்றால் அந்தத் துண்டைத் துப்பிவிட்டு மீனை எறிந்துவிடுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் உடனே மருத்துவமனை.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டியில் இதற்கு நேரக் கணக்கு இருக்கிறது: காற்றோ தண்ணீரோ 28.3 டிகிரிக்கு மேல் இருந்தால், மீன் செத்து 6 மணி நேரத்துக்குள் ஐஸுக்குப் போயாக வேண்டும். அதற்குக் கீழே என்றால் 9 மணி நேரம். இலக்கு 4.4 டிகிரி அல்லது அதற்குக் கீழே. அது வணிகப் படகுகளுக்கான வெளி எல்லை. கறுப்புப் பிளாஸ்டிக் மேல் வெயிலில் கிடக்கும் 2 கிலோ சூரை 28 டிகிரியைத் தாண்டி எங்கேயோ போய்விடும். நம் ஊரில் சூரைக்கு நான் சொல்லும் நேரம் 10 நிமிடம்: அடி, வெட்டு, வடி, பை.

கழிமுகம்:

கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவதை எல்லாரும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். உப்பங்கழியில் கொடுவாய்க்கு அது நல்ல முறைதான். உயிரோடு இருக்கும் மீன் கெடாது. தண்ணீர் 30 டிகிரி என்றாலும் சரி. கீழ்த்தாடையின் மெல்லிய தோல் வழியாகக் கொக்கியைக் கோக்க வேண்டும், செவுள் வழியாக இல்லை. செவுளில் கோத்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும், பிறகு அது வெந்நீரில் கிடக்கும் பிணம். கயிறு அரை மீட்டருக்கு மேல் வேண்டாம், நீளமானால் துடுப்பில் சுற்றும். இடுப்பில் ஒருபோதும் கட்டக்கூடாது. படகில் ஒரே இழுப்பில் கழலும் கொக்கியில் கட்டுங்கள்.

செவுள்:

கழியில் ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் அங்கேயும் பேத்தையும் நண்டும் அரைமணியில் வயிற்றைக் கடித்துத் துளைத்துவிடும், அடிக்கடி தூக்கிப் பார்க்க வேண்டும். கடலில் வேண்டவே வேண்டாம். சூரையும் வஞ்சிரமும் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடும்; கட்டிப்போட்டால் சில நிமிடத்தில் செத்துவிடும். பிறகு நடப்பது நீங்களே சொன்னதுதான்.

கோவளக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. தெர்மாகோல் பெட்டி மலிவு, மீன் கடைகளிலேயே கிடைக்கிறது. வெளிநாட்டுப் பைகள் விலை அதிகம். நானே தைத்துக்கொள்ளலாமா? 90 செ.மீ. வஞ்சிரம் நேராகப் படுக்க வேண்டும்.

தார்ப்பாய்:

தெர்மாகோல் பெட்டி காருக்கு நல்லது, கயாக்குக்கு இல்லை. காற்றைப் பிடிக்கும், கவிழ்ந்தால் மூடி தனியாகப் பறக்கும், உடைந்து உதிரும் மணிகள் கடலிலேயே கிடக்கும். பை நீங்களே செய்யலாம். தைப்பதைவிட ஒட்டுவது மேல். ஊசித் துளை ஒவ்வொன்றும் நாளை ஒழுகும்.

வெளித்துணி: லாரிக்குப் போடும் பிவிசி பூசிய தார்ப்பாய், சதுர மீட்டருக்கு 500-600 கிராம் கனம், வெள்ளை அல்லது வெளிர்ச் சாம்பல் நிறம். பழைய பிளெக்ஸ் பேனர் மெல்லியது, மடிப்பில் விரிசல் விடும். உள்துணியும் அதே வகை. நடுவே மூடிய அறையுள்ள ஈபிஇ ஃபோம் 12 மி.மீ. இரண்டு அடுக்கு. ஸ்பாஞ்ச் போடாதீர்கள், தண்ணீர் குடித்துவிட்டால் அது வெப்பத்தைக் கடத்தும். பளபளக்கும் வெள்ளித்தாளைப் பலர் நடுவில் ஒட்டுகிறார்கள்; அதற்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் வெப்பத்தைத் திருப்பும், ஃபோமுக்கும் துணிக்கும் இடையில் நசுங்கிக் கிடந்தால் ஒரு பயனும் இல்லை.

அளவு: உள்நீளம் 100 செ.மீ., இருக்கைப் பக்கம் அகலம் 45, பின்முனையில் 30, உயரம் 15. இதை வெட்டும் முன் அட்டையில் வெட்டி உங்கள் குழியில் வைத்துப் பாருங்கள், சுக்கான் கயிறு ஓடும் வழி மறையக் கூடாது. அடிப்பாகமும் இரண்டு பக்கமும் ஒரே துண்டாக மடியட்டும். அடியில் மூட்டு வரவே கூடாது. மூட்டுக்கு 3 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று. சூடான காற்றுத் துப்பாக்கி இருந்தால் உருக்கி, ரப்பர் உருளையால் அழுத்துங்கள். இல்லையென்றால் காற்றடைத்த பிவிசி படகுகளுக்குப் பயன்படும் பாலியூரித்தேன் பசை. செருப்பு ஒட்டும் ரப்பர் பசை முதல் வாரம் பிடிக்கும்; பிவிசியில் உள்ள மிருதுவாக்கி எண்ணெய் அதைக் கரைத்து, வெயிலில் மூட்டு உரிந்து வரும். பிவிசி குழாய் ஒட்டும் பசையும் வேண்டாம், காய்ந்தால் விறைத்து மடிப்பில் உடையும். ஒட்டுமிடத்தை மணல்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, இரண்டு பூச்சு. முழுப் பிடிப்புக்கு மூன்று நாள் விடுங்கள், அவசரப்பட்டு அடுத்த நாளே தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

வடிகால்: பிளம்பிங் கடையில் தொட்டிக்குப் போடும் அரை அங்குல டேங்க் நிப்பிள், உள்ளும் புறமும் ரப்பர் வாஷர், மூடி. பின்முனையின் கீழ் மூலையில் வைத்தால் வடித்த தண்ணீர் உங்கள் காலில் வராது, படகின் தளத்தில் உள்ள ஸ்கப்பர் எனும் வடிகால் துளை வழியாகவே போய்விடும். மூடியைச் சிறு கயிற்றில் கட்டிவையுங்கள்.

ஜிப்: 10-ஆம் எண், பிளாஸ்டிக் பல். உலோகப் பல் உப்பில் இறுகிவிடும். ஜிப்பின் மேல் 6 செ.மீ. அகல மடல், வெல்க்ரோவோடு. ஜிப் வழியாகத்தான் வெயிலும் அலைத்தண்ணீரும் உள்ளே வரும். உள்ளே அடியில் 5 மி.மீ. ரப்பர் பாய் ஒன்றைத் தளர்வாகப் போடுங்கள். கெளிறும் ஓராவும் முள்ளால் குத்தினால் முதலில் அந்தப் பாய் தாங்கும், உள்துணி தப்பிக்கும். அந்த முட்களைப் பைக்குப் போகும் முன்பே கத்தரித்துவிட்டால் கைக்கும் நல்லது.

இந்த அளவில் இரண்டு அடுக்கு ஃபோம் 20 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அதனால் ஜிப் மூடியிருந்தால் கவிழ்ந்தாலும் பை மீனோடு மிதக்கும்.

உறைபனி:

தார்ப்பாய் சார் சொன்ன இரட்டை அடுக்கு போட்டால் என் கணக்கில் 4 கிலோ ஐஸ் போதும். பையைக் கழுவுவதையும் சொல்லிவிடுகிறேன். கரைக்கு வந்ததும் கோழையைத் தண்ணீரில் அலசி, பாத்திரம் கழுவும் திரவத்தால் தேய்த்து, பிறகு 10 லிட்டர் தண்ணீரில் 15 மி.லி. பிளீச் கலந்து ஊற்றி 5 நிமிடம் விட்டு அலசுங்கள். பிளீச்சோடு வினிகரையோ எலுமிச்சையையோ சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். நிழலில் ஜிப்பைத் திறந்தபடி தலைகீழாகக் காயவிடுங்கள். காய்ந்தபின் ஜிப் பல்லில் மெழுகுவத்தியைத் தேய்த்து வைத்தால் உப்பு பிடிக்காது.

கரையிலிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரப் பயணம் என்றால் உருகிய தண்ணீரை வடித்துவிட்டுப் புது ஐஸ் 2 கிலோ சேருங்கள். வெட்டிய துண்டுகள் நல்ல தண்ணீரில் ஊறக் கூடாது, சுவை போய்ச் சதை வெளுத்துவிடும். துண்டு போட்டிருந்தால் பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸுக்குள் வையுங்கள்.

கோவளக்காரன்:

கடைசியாக ஒன்று. விடிகாலையில் ஐஸ் கிடைக்காத நாட்கள் உண்டு. ஃப்ரீசரில் இரண்டு பாட்டில்தான் இருக்கிறது என்றால் என்ன செய்வது?

செவுள்:

இரண்டு பாட்டில் என்பது ஏறக்குறைய 1.8 கிலோ. உங்கள் பை தடித்ததாக இருந்தால் 2 கிலோ மீனை மூன்று மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் இல்லை. அந்த நாளில் சூரையையும் கானாங்கெளுத்தியையும் உயிரோடு திருப்பி விட்டுவிடுங்கள். வைத்துக்கொள்வது பாரையாக இருக்கட்டும், அதுவும் திரும்புவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் பிடித்தது மட்டும். மீனை இரண்டு பாட்டிலுக்கும் நடுவே வயிறு ஒட்டும்படி வைத்து, ஒரு லிட்டர் கடல்நீர் ஊற்றாமல், ஈரத் துணியால் மூன்றையும் சேர்த்துச் சுற்றிப் பைக்குள் மூடுங்கள். 8.30-க்குள் கரையேறிவிடுங்கள்.